அத்தியாயம் 7: கதிரை மாறும்போது

அதிகாரம் கைமாறும் கட்டத்தை எழுதச் சொன்னால், புதிதாக நாவல் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் ஓர் ஊர்வலத்தை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கொடி, கோஷம், தடியடி, இரத்தம் தோய்ந்த சட்டை. பக்கம் நிறைந்துவிடும். பாத்திரம் மட்டும் முதல் வரியில் நின்ற இடத்திலேயே கடைசி வரியிலும் நிற்கும்.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளியை நோக்கிப் புறப்பட்டது. நா. சண்முகதாசன் தலைமையில் இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியினர் ஒழுங்குசெய்த ஊர்வலம் அது. சுன்னாகத்திலேயே பொலிஸார் மறித்து அடித்தார்கள். அடி வாங்கியவர்கள் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை. சுமார் 10 கிலோமீற்றர் நடந்து போய் முற்றவெளியில் கூட்டத்தையும் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. தேநீர்க்கடைகளுக்குள் நுழையும் போராட்டங்கள் சங்கானை, கரவெட்டி என்று பரவின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் பிரச்சினை வெடித்தது.

வரலாறு எழுதுகிறவருக்கு அந்த வெள்ளிக்கிழமை போதும். நாவல் எழுதுகிற உங்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமைக் காலை. சுன்னாகச் சந்தை வழக்கம்போலக் கூடுகிறது. நேற்று ஊர்வலத்தில் போன ஒருவர் தலையில் கட்டுடன் கத்தரிக்காய் வாங்க வருகிறார். மீதிச் சில்லறையை வியாபாரி எங்கே வைக்கிறார்? கையிலா, சாக்கின் மேலா, நிலத்திலா? பக்கத்துத் தேநீர்க்கடையில் அவருக்கு என்ன பாத்திரத்தில் தேநீர் வரும்? நேற்றுவரை சிரட்டையிலும் போத்தலிலும் கொடுத்த கடை அது. இன்று கடைக்காரர் கிளாசை எடுத்தாரென்றால், பயந்து எடுத்தாரா, வெட்கப்பட்டு எடுத்தாரா, அல்லது அவர் போன பிறகு அந்தக் கிளாசைத் தனியே எடுத்து வைக்கத்தான் எடுத்தாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தடியடியை எத்தனை பக்கம் வர்ணித்தாலும் பயனில்லை.

ஆகவே முதல் வேலை இது: உங்கள் நாவலில் பெரிய மாற்றம் எந்த நாளில் நிகழ்கிறதோ அந்த நாளைத் தாண்டி, மறுநாள் காலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். பெரிய நாளை எழுதத்தான் வேண்டுமா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். பல வேளைகளில் வேண்டியிராது.

விதானையார் வீட்டில்

பிரித்தானியர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களை ஆண்ட முகம் வெள்ளைக்காரருடையதல்ல. மணியகாரர், உடையார், அவர்களுக்குக் கீழே ஊர்தோறும் விதானையார். பெரும்பாலும் நிலமுள்ள வேளாளக் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்த பதவிகள் இவை. பிறப்பு, இறப்பு, எல்லைச் சண்டை, களவு, நற்சான்று, எல்லாவற்றுக்கும் விதானையார் வீட்டுப் படலையில்தான் போய் நிற்க வேண்டும். சுதந்திரம் வந்து பதினைந்து வருடம் கழித்து, 1963இல், இந்தத் தலைமைக்காரர் முறை முடிவுக்கு வந்தது. அந்த இடத்துக்குக் கிராமசேவகர் வந்தார்: சம்பளம் வாங்குகிற, இடம் மாற்றக்கூடிய ஓர் அரச ஊழியர்.

இந்த ஒரு மாற்றத்தை வைத்து முந்நூறு பக்க நாவல் எழுதலாம். யாரும் கத்துவதில்லை, யாரும் சாவதில்லை. ஒரு கதிரை வேறு வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். அதிகாரம் போனதை அந்த வீட்டில் யார் முதலில் அறிவார்? விதானையாரின் மனைவி. குசினியில் இருக்கிறவளுக்கு வரத்து குறைவது உடனே தெரியும். பொங்கலுக்கு வரும் வாழைக்குலைகள் எத்தனை, ஆரும் கேளாமல் வந்து சேரும் மீன், முட்டை, பனங்கிழங்குக் கட்டு எத்தனை என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள். அடுத்து அறிகிறவன் மகன். ஸ்கந்தவரோதயாவில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விட்டுக்கொடுத்த பையன்கள் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. வீடு தேடி வந்து முடிவெட்டியவர் ஒரு நாள், மிகப் பணிவாக, “சந்தியிலை சலூன் ஒண்டு போட்டிருக்கிறன், அங்கை வாங்கோவன்” என்கிறார்.

கடைசியாக அறிகிறவர் விதானையார். சுற்றி இருப்பவர்கள் அவருக்கு மறைக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று மரியாதையின் தன்மை: அது பதவியைவிட மெதுவாகச் சாகும். ‘ஐயா’ என்ற அழைப்பு இன்னும் ஐந்தாறு வருடம் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். அந்த ‘ஐயா’வை அவர் அதிகாரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். பதவி போன திகதிக்கும் அது போய்விட்டது என்று அவருக்கு உறைக்கும் திகதிக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. நாவலை அந்த இடைவெளிக்குள் வையுங்கள். என் அனுபவத்தில் இதைவிட விளைச்சல் தருகிற நிலம் வேறில்லை.

பயிற்சிக்கு வருபவர்கள் இந்தக் கட்டத்தை இப்படி எழுதுவார்கள்: “இனித் தனக்கு அதிகாரம் இல்லை என்பதை விதானையார் வேதனையுடன் உணர்ந்தார்.” உணரட்டும். வாசகர் உணர்வதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? இப்படிப் பாருங்கள்:

படலை திறபடும் சத்தம் கேட்டது. விதானையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆரது?”

“நான்தான் ஐயா. கிராமசேவகர் இருக்கிற வீடு எந்தப் பக்கம் எண்டு கேக்க வந்தனான்.”

“என்ன அலுவல்?”

“சின்ன அலுவல் ஐயா.”

“சொல்லன்.”

“பரவாயில்லை ஐயா. அவரிட்டையே சொல்லுறன்.”

விதானையார் எழுந்து திண்ணை ஓரத்துக்கு வந்து கையால் வழி காட்டினார். வந்தவன் வேலி மறைவில் போன பிறகுதான், அவனுக்காகத் தான் எழுந்து நின்றது அவருக்குப் பட்டது.

இதில் ‘அதிகாரம்’ என்ற சொல் இல்லை. வந்தவன் அவமரியாதையாக ஒன்றும் பேசவில்லை. மூன்று தடவை ஐயா போடுகிறான். வெட்டு அந்த ஐயாவுக்குள்தான் இருக்கிறது.

இதே வேலையைச் சிங்களத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்க ‘கம்பெரலிய’ நாவலில் (1944) செய்திருக்கிறார். தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெரிய வீடு மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. அந்த வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த பியல், தகுதி போதாதவன் என்று ஒதுக்கப்படுகிறான். வியாபாரத்தில் பணம் சேர்த்துக்கொண்டு பல வருடங்களின் பின் அவன் திரும்புகிறான். விதவையாகிவிட்ட அதே நந்தாவை மணக்கிறான். பெரிய வீட்டார் ஒரே நாளில் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். கூரை ஒழுகுகிறது, திருத்தப் பணமில்லை, ஆனாலும் யாரும் அதைப் பேசுவதில்லை.

இத்தாலியர் லம்பெதூசாவின் ‘சிறுத்தை’ (1958) வேறொரு வழியில் போகிறது. 1860இல் கரிபால்டியின் படை சிசிலியில் இறங்குகிறது. நாவலின் நாயகரான பிரபு அந்தச் செய்தியைத் தாங்கிக்கொள்கிறார். அவரைக் கலங்கவைப்பது ஓர் இராவிருந்து. விருந்தாளிகளைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அவர் எளிய உடுப்பில் இருக்க, ஊரில் புதுப்பணக்காரனான தொன் கலோசெரோ முழு விருந்துக் கோட்டுடன் மாடிப்படியில் ஏறி வருகிறான். கோட்டின் தையல் மகா மோசம். இருந்தும், ஒரு படையெடுப்பு செய்யாததை அந்தக் கோட்டு செய்துவிடுகிறது.

கதிரைக்குப் புதிதாக வந்தவர்

இழந்தவரைப் பற்றி இவ்வளவு சொன்னதால் பெற்றவரை மறந்துவிட வேண்டாம். நமது நாவல்களில் இவர் பெரும்பாலும் தேவதூதர், அல்லது பழையவனைவிடக் கொடியவர். இரண்டும் சோம்பேறித்தனம்.

கதிரைக்கு வந்தவருக்கு, அதில் எப்படி உட்காருவது என்று காட்ட ஒரே ஒரு முன்மாதிரிதான் உண்டு: முன்பு உட்கார்ந்திருந்தவர். தொண்டையைச் செருமும் விதம், காத்திருப்பவரை நிமிர்ந்து பாராமல் எழுதிக்கொண்டே இருப்பது, ‘நாளைக்கு வா’ எல்லாம் அங்கிருந்து வந்தவை. புதிய கிராமசேவகரை முதல் வாரத்தில் எல்லோருக்கும் கதிரை போடவைக்கலாம். மூன்றாம் மாதத்தில் யாருக்குப் போடுகிறார், யாருக்கு மறந்துபோகிறது? அந்த மறதியை அவரே கவனிப்பதாக எழுதினால் ஒரு நாவல். கவனிக்காமலே விட்டால் வேறொரு நாவல்.

அதிகாரம் வந்ததுபோலத் தோன்றி வராமல் போவதையும் எழுதலாம். கே. டானியலின் ‘கானல்’ (1986), சாதியிலிருந்து தப்ப மதம் மாறும் பஞ்சமர் குடும்பங்களின் கதை. தேவாலயம் வருகிறது, புதுப் பெயர் வருகிறது, நிலமும் கிணறும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தலைப்பு நியாயமானதுதான். டானியலின் நிலவுடைமையாளர்கள் பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று குறை சொல்பவர்களுடன் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே யார் யாரை மிதிக்கிறார், யார் எதற்காகக் காட்டிக்கொடுக்கிறார் என்பதில் அவருக்கிருந்த நுட்பம், அந்தக் குறையைச் சொல்பவர்களின் நாவல்களில் இல்லை.

கிணறு

வலிகாமத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். எனவே கிணறு வைத்திருப்பவர் ஊரை வைத்திருந்தார். காணியில்லாத குடும்பங்களுக்குக் கிணறு இல்லை. கிணறுள்ள வீட்டில் கயிற்றைத் தொடும் உரிமையும் இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வீட்டாரோ வழிப்போக்கரோ மனமிரங்கி அள்ளி ஊற்றினால் உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. பொது இடங்களில் தீண்டாமை காட்டுவது குற்றமாயிற்று. சொந்தக் காணிக்குள் இருக்கும் கிணற்றடியில் அந்தச் சட்டத்தை யார் போய் வாசித்துக் காட்டுவது? டானியலின் ‘தண்ணீர்’ இந்தக் கிணற்றடியிலிருந்துதான் எழுகிறது.

இனி ஒரு பாய்ச்சல். 2014, 2015இல் சுன்னாகத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மின்நிலையத்தின் கழிவெண்ணெயே காரணம் என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது வழக்கறிஞருக்கான செய்தி. நமக்கு வேண்டிய செய்தி, வீதியோரத்தில் வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகளில் இருக்கிறது. பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். சனம் கானோடு வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையில் பெரிய வீட்டுக்காரர் ஒருவரை நிறுத்துங்கள். பாட்டன் காலத்திலிருந்து வற்றாத கிணறுள்ள வீடு. அவருக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் பாட்டியார் ஒரு காலத்தில் அவருடைய கிணற்றடியில் குடத்தோடு நின்றவர். இருவருக்கும் அது தெரியும்.

இங்கேதான் கை நடுங்க வேண்டும். “அண்டைக்கு எங்கடை ஆச்சியை நிக்க வைச்சியள், இண்டைக்கு நீங்கள் நிக்கிறியள்” என்று அந்தப் பெண்ணைப் பேசவைத்தீர்களோ, காட்சி செத்தது. கைதட்டல் கிடைக்கும், நாவல் கிடைக்காது. அவள் தன் கானை நிரப்பிவிட்டுக் குழாயைப் பூட்டாமல் அவருக்காகத் திறந்தபடியே விட்டுவிட்டு நகரலாம். அது கருணையா, கேலியா என்று அவர் இரவு முழுக்க யோசிக்கட்டும். அல்லது குழாயை இறுகப் பூட்டிவிட்டுப் போகலாம். அவர் குனிந்து திறக்க வேண்டிவரும். அல்லது அவளுக்கு இந்தப் பழங்கதையில் அக்கறையே இல்லாமலிருக்கலாம்: மகளுக்கு ரியூசனுக்கு நேரமாகிறது, அவ்வளவுதான். மூன்றாவது வழி எழுதக் கடினம், நான் அதைத்தான் தேர்வேன். காயம் பட்டவர்கள் எப்போதும் காயத்தை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணுவது, காயப்படுத்தியவர்களின் தற்பெருமை.

இன்னொன்றும் பாருங்கள். அந்த வரிசையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பெரிய வீட்டாரிடம் இல்லை, அந்தப் பெண்ணிடமும் இல்லை. பவுசர் எத்தனை மணிக்கு வரும் என்று அறிந்த சாரதியிடம் கொஞ்சம் இருக்கிறது. மிகுதி வரிசையில் நிற்காத இடங்களில் இருக்கிறது. மேலே இருந்தவர் கீழே வந்தால் கீழே இருந்தவர் மேலே போயிருக்க வேண்டும் என்ற தராசுக் கணக்கு நாவலுக்கு ஒத்துவராது.

வாயில் வரும் மாற்றம்

யாழ்ப்பாணப் பேச்சில் முன்னிலைக்கு மூன்று படி: நீ, நீர், நீங்கள். தமிழ்நாட்டு எழுத்தாளர் பலருக்கு வாய்க்காத வசதி இது. ‘நீர்’ என்பதைப் பயன்படுத்தத் தெரியாமல் நாவல் எழுதும் நம்மவரைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். ஒருவர் ‘நீ’யிலிருந்து ‘நீங்கள்’ வரை ஒரே தாவலில் போவதில்லை. நடுவில் ‘நீர்’ என்ற படியில் சில காலம் நிற்பார். முன்னிலையை விழுங்கிப் பேசும் காலமும் உண்டு: “சாப்பாடு ஆச்சோ?” என்று கேட்டால் ஆரையும் எந்தப் படியிலும் வைக்கத் தேவையில்லை. தடுமாறுகிற பாத்திரத்துக்கு இத்தகைய மொட்டை வாக்கியங்களைக் கொடுங்கள்.

பெயர்களும் அப்படியே. ஒரு காலத்தில் ஒரே முருகன் பெயர் ஒரு வீட்டில் கந்தையா, இன்னொரு வீட்டில் கந்தன். சின்னையாவுக்குப் பக்கத்தில் சின்னான். பிள்ளையின் பெயரைப் பதியப் போகும் தகப்பன் ‘ஐயா’வில் முடியும் பெயரைச் சொல்லும்போது, எழுதுகிறவரின் பேனா ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்துக்கு அரைப் பக்கம் கொடுக்கலாம். ‘நயினார்’ என்று அழைத்துப் பழகிய கிழவர் ஒருவர், மகன் வேண்டாமென்று சொல்லியும் அதை விடமுடியாமல் தவிப்பதற்கு ஓர் அத்தியாயமே கொடுக்கலாம். மகனுக்குத் தகப்பனில் வரும் கோபம், நயினாரில் வரும் கோபத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஒன்பது வருடம், மூன்று துப்பாக்கி

மெதுவான மாற்றத்தை எழுதப் பழகிய கைக்குப் போர்க்காலம் பெரும் சோதனை. சுன்னாகம் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 1987க்கும் 1996க்கும் இடையில் நடந்ததை மட்டும் பாருங்கள். 1987 யூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தம். இந்தியப் படை வருகிறது, வரவேற்பு. ஒக்டோபரில் அதே படையுடன் புலிகளுக்குப் போர். 1990 மார்ச்சில் இந்தியப் படை போய்விடுகிறது. யூனில் மறுபடி போர். மின்சாரம் நின்று ஜாம் போத்தல் விளக்குகள் எரிகின்றன. புலிகளின் பொலிஸ், புலிகளின் நீதிமன்றம், வெளியே போகப் பாஸ். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடக்கிறது. 1996 ஏப்ரலின் பின் திரும்பி வந்து பார்த்தால் சந்தியில் இலங்கை இராணுவத்தின் சென்றி.

அதிகாரம் இப்படி ஓடி ஓடி மாறும்போது எழுத்தாளர்கள் பாத்திரத்தைக் காற்றாடி ஆக்கிவிடுவார்கள்: யார் வந்தாலும் பல்லைக் காட்டும் கடைக்காரர். ஒரு சிறுகதைக்குப் போதும். நாவலுக்கு, அவர் மாற்றாமல் வைத்திருப்பது என்ன என்று கேளுங்கள். சுவரிலுள்ள கலண்டரை மாற்றுகிறார். வாங்கும் பத்திரிகையை மாற்றுகிறார். ஹிந்தியில் நாலு சொல், பிறகு சிங்களத்தில் நாற்பது சொல் படிக்கிறார். கடன் கொப்பியை மட்டும் மாற்றுவதில்லை. யாருக்கு எவ்வளவு என்று 1987இல் எழுதியது, இடப்பெயர்வில் தலையில் சுமந்துபோனது, அப்படியே இருக்கிறது. கடன் வாங்கியவர்களில் சிலர் இயக்கத்தில் பெரிய ஆட்களாகி, பின்பு காணாமலும் போய்விட்டார்கள். அவர்கள் பெயரை அவர் வெட்டவில்லை.

இப்படியொரு நாவலுக்கு உட்காரும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் எடுங்கள். ஒவ்வொரு திகதிக்கும் எதிரே இரண்டு விடயம் மட்டும் எழுதுங்கள்: இவர் ஊரை விட்டு வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும்? இவரிடம் யார் வந்து கேட்க வேண்டும்? இரண்டாவது நிரல் சிலருக்கு எல்லாக் காலத்திலும் வெறுமையாகவே இருக்கும். நாவலின் கண் அவர்களிடம் இருக்கலாமா என்று யோசியுங்கள்.

சமமானவர்களுக்குள் அதிகாரம் முளைப்பது இதைவிடப் பயங்கரம். கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985), விடுதலை இயக்கம் ஒன்றுக்குள்ளிருந்தே அதன் உள்ளொடுக்குமுறையை எழுதிய நாவல். நேற்று ஒரே கோப்பையில் சோறு தின்ற தோழன் இன்று விசாரிக்கிறவன். வர்க்க எதிரியை அடையாளம் காண்பது சுலபம். பக்கத்துப் பாயில் படுத்தவனை எப்படிக் காண்பது? ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இன்னொரு கோணத்தைத் தருகிறது. ஊர்ச் சண்டியரின் மகன் ரொக்கிராஜ் இயக்கத்துக்குப் போய்ப் புதுப் பெயர் எடுக்கலாம். ஆனால் தகப்பனின் பட்டப்பெயர் அவனை விடாமல் துரத்துகிறது. இயக்கம் கொடுத்த அதிகாரம் ஊர் கொடுத்த பெயரை அழிக்கப் போதாமலிருக்கிறது.

வீட்டுக்குள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக நினைத்தேன், முடியாது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தேசவழமைப்படி சீதனக் காணி சொந்தம். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, கையெழுத்து அவனுடையது. இப்போது அந்தக் கணவன் போரில் காணாமல் போய்விட்டான் என்று வையுங்கள். மகளைக் கட்டிக்கொடுக்கக் காணியை விற்க வேண்டும். சம்மதம் தர ஆள் இல்லை. அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், தன் தாய் தனக்குத் தந்த காணியை விற்கத் தனக்கு அனுமதி கேட்க வேண்டும். அவன் இருக்குமிடம் தெரியாது என்று அவள் வாயாலேயே சொல்லவும் வேண்டும். பன்னிரண்டு வருடமாக ‘வருவார், வருவார்’ என்று சொல்லிவந்த வாய் அது. கணவர் எங்கே என்று நொத்தாரிசு சாதாரணமாகத்தான் கேட்பார். இதற்குமேல் ஒரு கூற்றும் எழுத்தாளர் சேர்க்கக் கூடாது.

வெளிநாட்டுக் காசு மாற்றிப்போட்ட வீடுகளும் அப்படித்தான். படிப்பு வராது என்று திட்டு வாங்கிய கடைசித் தம்பி ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்கிறான். வங்கியில் வேலையிலிருக்கும் மூத்த அண்ணர் வீட்டில்தான் அம்மா இருக்கிறா. கூரை ஓட்டை மாற்றலாமா, கிணற்றுக்கு மோட்டர் பூட்டலாமா, தங்கச்சிக்கு இந்தச் சம்பந்தம் சரிவருமா எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்குக் காத்திருக்கும். அண்ணர் கதைக்கும்போது அம்மா கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பா, எப்போது தருவார் என்று. தம்பியோ அங்கே பனியில் நின்றபடி அண்ணரின் குரலுக்கு இன்னும் பயப்படுகிறான். காசு அனுப்புகிறவனுக்குத் தன்னிடம் அதிகாரம் வந்தது தெரியாது. பெறுகிறவருக்குத் தன்னிடமிருந்து போனது தெரியும். விதானையார் வீட்டுக்கு நேர்மாறான இந்த அமைப்பை நான் இன்னும் நல்லதொரு நாவலில் காணவில்லை.

எழுதிப் பார்க்க

ஒரு பொருளை எடுங்கள். கதிரை, துலா, படலை, உறுதிக் கட்டு, தராசு, சைக்கிள், ஏதாவது. மூன்று திகதி தெரிவு செய்யுங்கள். இடையில் குறைந்தது பத்து வருடம் இருக்கட்டும். ஒவ்வொரு திகதியிலும் அந்தப் பொருளைச் சுற்றி இரண்டு பேர் பேசும் காட்சி, ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஆட்சி மாற்றம், சட்டம், இயக்கம், சாதி ஆகிய சொற்கள் வரக் கூடாது. பாத்திரங்களுக்கு அழுகை வரக் கூடாது.

காலத்தின் பேச்சு கைக்கு வரவில்லையென்றால் பழைய பத்திரிகைகளை வாசியுங்கள். சுன்னாகத்திலேயே நா. பொன்னையா 1930இல் தொடங்கி 1958 வரை வந்த ‘ஈழகேசரி’ இருக்கிறது. அதன் இதழ்கள் பல நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் உண்டு. தலையங்கத்தை விடுங்கள். விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் வாசியுங்கள். ஒருவர் இன்னொருவரை எப்படி விளிக்கிறார், எதற்காக நன்றி சொல்கிறார், எதை இரக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

மூன்று காட்சியும் முடிந்ததும், உங்களைவிட இருபது வயதாவது மூத்த, நீங்கள் எழுதும் ஊரில் பிறந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கதை எப்படி என்று கேட்கவேண்டாம். “இந்தாள் அந்த வீட்டுக்குப் போனா எங்கை இருத்தியிருப்பினம்?” என்று மட்டும் கேளுங்கள். விறாந்தைக் கதிரை என்கிறாரா, திண்ணை என்கிறாரா, முற்றம் என்கிறாரா என்று குறித்துக்கொண்டு, உங்கள் காட்சியில் அந்த ஆள் இருக்கும் இடத்தைத் திருத்துங்கள். இடம் மாறினால் அவருடைய முதல் வசனத்தையும் மாற்றி எழுத வேண்டிவரும். அதையும் செய்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.